நெறி

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும்.
பல் சொத்தையானால் தாடைக்கு அடியில்.
இவருக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவில்,
மூச்சுக்குழாயை ஒட்டி,
அவரை விதை அளவில் நாலைந்து.
எந்த முள்ளுக்கு என்று
ஊட்டி ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் ஷெரின் சொன்னார், மூன்றில் ஒன்று.
காசநோய்.
அல்லது என் வாயில் நுழையாத ஒரு பேர்,
சிலருக்குத் தானாகவே அடங்கிவிடுமாம்.
மூன்றாவதைச் சொல்லும்போது
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.
நெஞ்சைப் பிளக்க வேண்டாம், எலும்பைத் தொட வேண்டாம்.
தொண்டைக்குழியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல்,
அதன் வழியே விளக்கு வைத்த குழாய் ஒன்று
மூச்சுக்குழாயின் முதுகோடு அல்ல, முகத்தோடு இறங்கும்.
தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டினார்.
"காலர் பட்டன் போட்டா வெளியே தெரியாது" என்றாள் நர்ஸ்.
அதில் போஜராஜுக்கு அப்படி ஒரு நிம்மதி.
தேயிலை ஃபேக்டரியில், சலிக்கும் அறையில்,
மூக்குக்குத் துணி கட்டாமல்
பதினெட்டு வருஷம் தூசி தின்ற மனுஷன்
தழும்புக்குக் கவலைப்பட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு
என் கையில் இரண்டு புட்டிகள்.
ஒன்றில் ஃபார்மலின், மூக்கைச் சுட்டது.
மற்றதில் வெறும் உப்புத்தண்ணீர்.
அடியில் மிளகு போல மூன்று துணுக்கு.
"இதுல கிருமி இருந்தா உயிரோட போய்ச் சேரணும்மா.
சூடு படக் கூடாது.
இங்க மெஷின் ரிப்பேர்.
சாயங்காலத்துக்குள்ள கோயம்புத்தூர்."

டிபன் டப்பாவில் ஐஸ், ஐஸுக்குள் புட்டி,
டப்பாவைச் சுற்றி அவர் மஃப்ளர்.
கண்டக்டர் கேட்டார், எத்தனை?
ஒண்ணு என்றேன்.
சொன்ன பிறகுதான் மடியைப் பார்த்தேன்.

குன்னூர் தாண்டினோம்.
கொண்டை ஊசி வளைவு பதினாலு. பதிமூணு.
கேரட் கழுவும் தொட்டியில் கை விறைக்கும்போதெல்லாம்
இந்தக் குளிரைத் திட்டியிருக்கிறேன்.
இன்று அது வளைவுக்கு வளைவு
என்னை விட்டுவிட்டு மேலேயே நின்றுகொண்டது.
பக்கத்து சீட்டுக்காரி ஸ்வெட்டரைக் கழற்றினாள்.
என் புடவையில் டப்பாவின் ஈரம்.

பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள்.
பலாப்பழ வாசனை.
சன்னல் கம்பியைப் பிடித்து ஒரு குரங்கு
டப்பாவையே பார்த்தது.
நான் இறங்கவில்லை. மூத்திரத்தை அடக்கிக்கொண்டேன்.
அங்கேதான் வேண்டிக்கொண்டது.

மாமனார் காலத்தில்
அந்த நோய் வந்த வீட்டில்
பக்கத்து ஹட்டிக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.
பெண் கேட்டு யாரும் வந்ததில்லை.
எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்,
ஹெத்தையம்மா, அதாகவே இருக்கட்டும்.
ஆறு மாசம் மாத்திரை,
நான் எண்ணி எண்ணிக் கொடுப்பேன்.

பிறகு, அம்மனிடம் சொல்ல முடியாததை
டப்பாவிடம் சொன்னேன்.
கிருமியே, உள்ளே நீதான் இருக்கிறாய் என்றால்
கல்லாறு வெயிலில் செத்துவிடாதே.
சாயங்காலம் வரைக்கும் இரு.
பிறகு உன்னை நானே கொல்கிறேன்.

மேட்டுப்பாளையம்.
டப்பாவுக்குள் எல்லாம் தண்ணீர்.
ஜூஸ் கடைப் பையனிடம் ஐஸ் கேட்டேன்.
"என்னக்கா, மீனா?"
ஆமாம் என்றேன்.
"கெட்டுரும்க்கா" என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டான்,
காசு வாங்கவில்லை.

போன் அடித்தது.
குழாய் போன தொண்டையிலிருந்து
உமி போல ஒரு குரல்,
எங்கே வந்திருக்கிறாய்?

இறங்கிட்டோம் என்றேன்.